தொட்டுக்க என்ன இருக்கு?

குடவாசல் பக்கத்தில் அந்தத் தெருவில் சாவித்திரிக்குச் சுத்தக்காரி என்று பேர். முகத்துக்கு முன்னால் சொன்னால் பாராட்டு, முதுகுக்குப் பின்னால் சொன்னால் வசை. கை கழுவுவதற்கு முன்னால் குழாயைக் கழுவுகிறவள். பக்கத்து வீட்டில் காபி கொடுத்தால் தம்ளரின் விளிம்பை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஆண்டவன் தேடிப் பிடித்துச் சாமிதுரையைப் புருஷனாகக் கொடுத்திருந்தான்.

சாமிதுரை கும்பகோணம் ரூட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வெளியே பேசும்போது சாவித்திரிக்கு அவன் ‘அவர்’தான். மனசுக்குள் எப்போதோ ‘அவன்’ ஆகிவிட்டான். நாமும் அவள் மனசோடுதானே போகிறோம், அவன் என்றே இருக்கட்டும். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே ஊர்ப்பேரைச் சொல்லி டிக்கெட் கிழிக்கிற ஆள். “கண்டக்டருக்கு நம்ம ஜாதகமே தெரியும்” என்று சனங்கள் சொல்வார்கள். மூளை அவ்வளவு சுறுசுறுப்பு. வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. ரூட்டின் இந்த முனையில் பஜ்ஜி, அந்த முனையில் போண்டா, கடைசி ட்ரிப் முடிந்ததும் எண்ணெயில் குளித்த புரோட்டா. முதலில் வயிறு பெல்ட்டைத் தாண்டியது. பிறகு சீட்டுகளுக்கு நடுவே அவன் நுழைவதற்குப் பயணிகள் காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு மறதி வந்தது. டிக்கெட் வாங்கியவரிடமே திரும்பப் போய் டிக்கெட் கேட்டான். ஒரு டீச்சரம்மாவிடம் மூன்றாவது தரமும் கேட்கப் போய் அது சண்டையானது. முதலாளி, “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க” என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

வேலை போனதும் புரோட்டா வீட்டுக்கே வர ஆரம்பித்தது. பாலிதீன் பையில் கட்டிய சால்னாவை அவன் பல்லால் கடித்துத்தான் திறப்பான். முடிச்சை அவிழ்க்கலாம், கத்தரிக்கோல் இருக்கிறது, ஆனாலும் பல்தான். சால்னா மோவாயில் வழிந்து பனியனில் இறங்கும். அதை விரலால் வழித்து நக்குவான். நக்கிய விரலாலேயே டிவி ரிமோட்டை எடுப்பான். அந்த ரிமோட்டைச் சாவித்திரி பழைய துணியால் பிடித்துத்தான் தூக்குவாள். சாயங்காலம் அவன் விடுகிற ஏப்பத்தில் காலையில் தின்ற வடையின் நாற்றம் வரும். வயிற்று மடிப்பின் புழுக்கத்தில் புண் வந்து, அதன்மேல் பவுடரைக் கொட்டி, பவுடரும் வேர்வையும் சேர்ந்து பிசைந்த மாவாகி நிற்கும். குளிக்கும்போது, “முதுகு தேச்சுவிடு” என்று கூப்பிடுவான். சாவித்திரி மூச்சை அடக்கிக்கொண்டு தேய்ப்பாள். தேய்த்துவிட்டு வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். அப்படியும் குமட்டும்.

கல்யாணமான புதிதில் அவன் சாப்பிட்ட இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவள்தான் அவள். இப்போது அவன் தட்டு, தம்ளர், ஸ்பூன் எல்லாம் தனி. தன் பாயையும் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். குறட்டை என்று சாக்குச் சொன்னாள். குறட்டை மட்டுமா காரணம்? கட்டின புருஷனைப் பார்த்தாலே வாந்தி வருகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது!

ஒருநாள் மத்தியானம் அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். சாவித்திரி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மரியாதையாகக் கேட்டான்.

“நீங்க எங்கம்மா எறங்கணும்?”

அவள் “இங்கதாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவனே தெளிந்து, “சாவித்திரி, ரசம் எங்க?” என்று கூப்பிட்டான். கேட்டது எதுவும் அவனுக்கு நினைவில்லை. அவளுக்கோ அன்றைக்குத்தான் அருவருப்பையும் மீறிப் பயம் வந்தது. இந்த மனுஷனுக்கு மிச்சமிருக்கிற புத்தியும் போய்விட்டால்? தன்னை யாரென்றே தெரியாத ஒருத்தனைச் சாகும்வரை கழுவித் துடைத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? புத்தியோடு இருக்கும்போதே தொட முடியவில்லையே.

மறுவாரமே தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஸ்கேன், ரத்தம், தூக்கம் எல்லாம் பார்த்தார்கள். டாக்டர் பேர் எல்சி. தரங்கம்பாடிப் பக்கத்து அம்மா, பொறுமையாகப் பேசினார்.

“இவருக்கு மூளையில பெரிய நோய் எதுவும் தெரியலைங்க. ஆனா உடம்பு முழுக்க ஒரு அழற்சி இருக்கு. நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்குது. கீரை, பயறு, காய்னு நாரு உள்ளதா சாப்பிட்டா நல்லது செய்யுறது பெருகும். எண்ணெய், மைதா, சர்க்கரைன்னே போட்டுக்கிட்டிருந்தா நல்லதெல்லாம் செத்து, கெடுதல் செய்யுறது பெருகிடும். குடல் சுவர் பலவீனமாகி, வேண்டாததெல்லாம் ரத்தத்துல கசியும். அதோட தாக்கம் மூளை வரைக்கும் போகும்னு நெனைக்கிறோம். நாம பேசும்போது வயித்துக்கும் மந்தம்னு சொல்றோம், புத்திக்கும் மந்தம்னு சொல்றோம் இல்லையா? சும்மா சொல்லி வைக்கலை.”

சாவித்திரிக்குப் புரிந்துவிட்டது. வாய்க்காலின் தலைமடையில் சாக்கடையைத் திறந்துவிட்டால் கடைமடை நாறத்தானே செய்யும். தூங்கும்போது மூச்சு முட்டாமல் இருக்க ஒரு முகமூடியும், சாப்பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடும் கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

முகமூடியை மாட்டிக்கொண்டான். கட்டுப்பாட்டை மாட்டிக்கொள்ளவில்லை. அவள் எதிரில் கீரையை மாடு தழை மெல்லுவதுபோல மென்றான். உடம்பு இளைக்கவில்லை. எப்படி இளைக்கும்? ஒருநாள் அவன் படுத்திருக்கும்போது பார்த்தாள், சுவரிலிருந்து எறும்பு சாரிசாரியாக மெத்தைக்குப் போனது. மெத்தையிலிருந்து அவன் மார்புக்குப் போனது. அவன் தாடையோரத்தில் ஒட்டியிருந்த துணுக்கை எறும்புகள் மொய்த்துக்கொண்டிருக்க, அவன் நிம்மதியாகத் தூங்கினான். மெத்தையின் ஓரத்தைத் தூக்கினாள். கீழே நசுங்கிய முட்டை பப்ஸ், பாதி கடித்தது, கெட்டுப்போய்ப் பச்சை பூத்திருந்தது. பக்கத்தில் ஒரு சால்னா பை ஒழுகி, மெத்தை அடியில் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. நாற்றம் மூக்கில் ஏறியது. அதற்குள் அவன் விழித்துக்கொண்டான். விழித்தவன் வெட்கப்பட்டானா? அந்தப் பச்சை பூத்த பப்ஸுக்குக் கையை நீட்டினான்.

சாவித்திரிக்கு வாயில் என்ன வருகிறது என்றே தெரியவில்லை.

“சீ! நீயெல்லாம் ஒரு மனுஷனா? நாய்கூட மோந்து பாத்துட்டுத்தான் திங்கும். என் பீயத் தின்னாத்தான்டா உனக்குப் புத்தி வரும்!”

தெருவே கேட்டிருக்கும். புருஷனை ‘நீ’ என்று ஒருநாளும் சொன்னதில்லை அவள். அன்றைக்கு ‘டா’வும் வந்துவிட்டது. சொன்ன மறுகணம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் விழித்து விழித்துப் பார்த்தான். மெத்தையைக் கழுவிப் போட்டு அவள் உள்ளே வந்தபோது, “ஏன் சாவித்திரி மொகமெல்லாம் செவந்திருக்கு? யாருகூட சண்ட?” என்று கேட்டான்.

மறந்துவிட்டான். அவனுடைய மறதிக்கு அவள் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மறுபடி தஞ்சாவூர் போனபோது டாக்டர் எல்சி தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். ஆராய்ச்சியாக ஒன்று நடக்கிறது. ஒல்லியான, நோய் நொடி இல்லாத ஒருவருடைய மலத்தை வாங்கி, பரிசோதித்து, சுத்திகரித்து, அதிலுள்ள நல்ல பாக்டீரியாவை மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கொடுப்பார்கள். இவர் விழுங்க வேண்டும்.

சாவித்திரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“உறுதியா குணமாகும்னு நான் சொல்ல மாட்டேங்க. சிலருக்கு மாற்றம் தெரியுது, சிலருக்கு ஒண்ணுமே தெரியலை. சாப்பாடு மாறலைன்னா அதுவும் வீண்தான். விதைச்சுட்டுத் தண்ணி காட்டாம விட்டா என்ன வெளையும்? சொந்தக்காரங்க யாராவது குடுக்க முன்வந்தாலும் சரிதான். யாரு குடுத்தாங்கன்னு அவருக்குச் சொல்ல மாட்டோம்.”

சாமிதுரையிடமும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். “வாய் வழியாவா? அப்ப சரி” என்று போட்டுவிட்டான்.

சாமிதுரையின் அண்ணன் வீரையன் பக்கத்துத் தெரு. வயல்வேலையில் காய்ந்து முறுகிய உடம்பு. சாவித்திரி போய், தரையைப் பார்த்துக்கொண்டு, சுற்றி வளைத்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. வீரையன் சிரிக்கவில்லை. “தம்பிக்கு ரத்தம் கேட்டாலும் குடுப்பேன், இது என்ன” என்றார். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, அவர் பொருத்தமான ஆள் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது சாவித்திரி சும்மா இருந்திருக்கலாம். சுத்தக்காரியின் வாய் சும்மா இருக்குமா?

“மாமா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் சுத்தமா இருக்கட்டும்.”

கொடுக்க வேண்டிய நாளன்று சாமிதுரையை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சாவித்திரியும் வீரையனும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக ஒரு கேள்வி என்று டாக்டர் கேட்டார், “இடையில மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?”

வீரையன் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “சாப்பிட்டேங்க. மெடிக்கல்ல சொல்லி, வயித்துல உள்ள கிருமியெல்லாம் ஒழியுற மாதிரி நல்ல பவரான மாத்திரையா வாங்கிப் போட்டுட்டேன். பேதிக்கும் ஒண்ணு போட்டேன். இப்ப உள்ள ஒரு பூச்சி கெடையாது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அந்தக் கிருமிதாங்க எங்களுக்கு வேணும்.”

“கிருமியவா?” வீரையனுக்கு விளங்கவில்லை. “தம்பிக்குப் போற சாமான். நம்ம வீட்டுலேருந்து போறது கிருமியோட போவலாமா? சாவித்திரிகூட சுத்தமா இருக்கணும்னு சொல்லிச்சே.”

டாக்டரும் வீரையனும் சாவித்திரியைப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் சாமிதுரை எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரையன் இனிமேல் சில மாதம் கழித்துத்தான் கொடுக்க முடியும் என்றார் டாக்டர். பிறகு சாவித்திரியின் பக்கம் திரும்பி, “நீங்க என்னம்மா சாப்பிடுவீங்க?” என்று கேட்டார்.

கொல்லையில் விளைகிற கீரை, கொத்தவரங்காய், சுண்டல், சோறு, மோர் என்றாள். கடைப் பண்டம் உண்டா? “ஐயோ, அவரு திங்கிறதப் பாத்துப் பாத்தே எனக்கு எண்ணெய்ன்னா குமட்டும்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் டாக்டர் எங்கே வருகிறார் என்று புரிந்தது.

அவளையும் சோதித்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் அவள் பட்ட அருவருப்புதான் அவள் குடலைக் காப்பாற்றி வைத்திருந்தது. இது என்ன நியாயம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

அந்தச் சிறிய அறையையும், மூடி போட்ட வெள்ளை டப்பாவையும் பற்றி அவள் பிறகு யாரிடமும் பேசியதில்லை. ஊரார் எச்சில் தம்ளரைப் பார்த்து முகம் சுளித்தவள், தன் உடம்பிலிருந்து வந்ததை மூடி, மேலே பேர் ஒட்டி, இன்னும் சூடு ஆறாத டப்பாவை வலது கையால் ஒரு சின்னப் பெண்ணிடம் நீட்ட வேண்டியிருந்தது. இடது கையால் கொடுத்தால் மரியாதை இல்லை பாருங்கள். அந்தப் பெண் சாதாரணமாக வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ்க்கா, நல்லா வந்திருக்கு” என்றாள். கல்யாணச் சாப்பாட்டைப் பாராட்டுகிற மாதிரி! சாவித்திரி வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தாள். வாந்தி எடுக்கும்போதுதான் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. மெத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தான் கத்திய வார்த்தை. வாய் வாக்கு பலிக்கும் என்பார்கள். நல்ல வாக்கு ஒன்றும் இதுவரை பலித்ததில்லை, இந்த நரகல் வாக்குதானா பலிக்க வேண்டும்!

மாத்திரை விழுங்குகிற நாளில் அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். நர்ஸ் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த மாத்திரைகளைக் கொண்டுவந்தாள். பழுப்பு நிறம். தின்கிற எதையும் சாமிதுரை மறுத்ததில்லை, இதையும் மறுக்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். பாதியில் நிறுத்தி, நர்ஸை அண்ணாந்து பார்த்து வெகுளியாகக் கேட்டான்.

“தொட்டுக்க என்ன இருக்கு?”

சாவித்திரி அறையை விட்டு ஓடினாள்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது. புரோட்டாக் கடைக்காரர் துரைக்கண்ணுவிடம் நேரில் போய், “எங்க வீட்டுக்குப் பார்சல் குடுத்தீங்கன்னா ஒங்க கட வாசல்ல வந்து உக்காந்துருவேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். மெத்தையை அடிக்கடி தூக்கிப் பார்த்தாள். சாமிதுரை புரோட்டாவுக்காகக் குழந்தைபோல விசும்பி அழுதான். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளாமல் அழுதான். அதையும் அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்துவிட்டாள். வாந்தி வரும்போதெல்லாம் ‘நீங்க எங்கம்மா எறங்கணும்’ என்று அவன் கேட்டதை நினைத்துக்கொள்வாள். வாந்தி அடங்கிவிடும்.

குறுவை அறுத்து, சம்பா நட்டு, அதுவும் கதிர் வாங்கிய நேரத்தில் பனியன்கள் தொளதொளத்துவிட்டன. வயிற்று மடிப்பில் புண் ஆறியிருந்தது. காலையில் ஆற்றங்கரையோரம் நடந்துவிட்டு வருவான். ஆனால் புத்தி? அதைத்தான் அவள் ஒளிந்து நின்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போகும் வழியில், பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு பாட்டியம்மா தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாமிதுரை சட்டென்று எழுந்து போய் அவர்கள் தோளைத் தட்டினான். “அம்மா, அடுத்தது ஒங்க ஸ்டாப்பு. மக வீட்டுக்குத்தான போறீங்க?” அந்த அம்மா திடுக்கிட்டு விழித்து, “அட, கண்டக்டர் தம்பி!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். சாவித்திரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாருக்கும் தெரியாது, வெயிலுக்கு மூடியிருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் எல்சியிடம், “அந்த மாத்திரைதானுங்களா?” என்று கேட்டாள். “மாத்திரையா, ஒங்க கீரையா, அந்த முகமூடியா, என்னால சொல்ல முடியாதும்மா. ஒருத்தரை வச்சு எதையும் சொல்லக் கூடாது. கீரைய மட்டும் விட்டுடாதீங்க” என்றார் அவர்.

அறுவடை முடிந்த சமயம், ஒருநாள் மத்தியானம். சாமிதுரை சாப்பிட்டு எழுந்த பிறகு சாவித்திரி தன் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பாதி சாப்பிட்டிருக்கும்போது கொல்லையில் யார் வீட்டு ஆடோ கீரைப் பாத்தியில் இறங்கிவிட்டது. எச்சில் கையோடு எழுந்து ஓடி, ஆட்டை விரட்டி, படலைக் கட்டிவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் அவள் தட்டின் முன்னால் சாமிதுரை உட்கார்ந்திருக்கிறான். அவள் பிசைந்து வைத்திருந்த கீரைச் சோற்றை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

“ஐயய்ய, என்னங்க இது! அது என் எச்சிலு!”

அவன் நிதானமாக மென்று விழுங்கினான். “இதுக்கு மேலயா எச்சிலு?”

சாவித்திரி கிட்டே வந்தாள். “என்ன சொல்றீங்க?”

“அண்ணன் மாத்திர போட்டுக் கெடுத்துக்கிட்ட கதயத்தான் ஊரே சிரிக்குதே. அண்ணன் இல்லன்னா வேற யாரு? நம்ம மக பெங்களூருல இருக்கா. வீட்டுல வேற யாரு இருக்கா?” அவன் அவளை அண்ணாந்து பார்த்தான். பஸ்ஸில் முகத்தைப் பார்த்து ஊரைச் சொல்கிற அதே பார்வை. “அன்னிக்கு நீ நீலப் பொடவ கட்டியிருந்த. ஒரு கையில மெத்தயத் தூக்கிப் புடிச்சிருந்த. பப்ஸு பச்சயா இருந்துச்சு. ‘என் பீயத் தின்னாத்தான்டா உனக்குப் புத்தி வரும்’ன்ன.”

ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. ‘டா’வும் இருந்தது. எந்த நினைவு திரும்ப வேண்டும் என்று தவம் கிடந்தாளோ, அது இந்த வார்த்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவளுக்கு. அழுகைதான் வந்தது.

“அத மட்டும் மறந்திருக்கக் கூடாதாங்க?”

“நீ சொன்னது நெசந்தான? வந்துருச்சுல்ல புத்தி” என்றார் சாமிதுரை. ஆமாம், அவர்தான். தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “நின்னுக்கிட்டே இருக்க. தொட்டுக்க என்ன இருக்கு?” என்று கேட்டார்.

சாவித்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொத்தவரங்காய்ப் பொரியலை எடுத்துவந்து அந்தத் தட்டிலேயே போட்டாள். எதிரில் உட்கார்ந்து, தட்டின் மறு ஓரத்திலிருந்து ஒரு கவளம் எடுத்தாள். கொஞ்சம் குமட்டத்தான் செய்தது. சாப்பிட்டாள்.